கதவுக்கு மேலே ஒரு ஸ்பீக்கர்

என் அன்பு மகனுக்கு,

தைப்பொங்கலுக்கு நீயும் யசோதாவும் வந்து இறங்கியதும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். பையை வைத்த கையோடு ரீவி அலுமாரிக்குப் பின்னால் தலையை நுழைப்பாய். அங்கே வயர்கள் மாறிப் பூட்டியிருப்பதைக் கண்டதும், "ஆர் இதில கை வைச்சது?" என்று வீடு அதிரக் கத்துவாய். நான்தான். கத்துவதற்கு முன்னால் இதை ஒரு தரம் முழுக்க வாசித்துவிடு. கலியாணம் முடிந்த கையோடு நீ போனில், "அம்மா, பூட்டன்ர பேரை ஆர் சொல்லிவிட்டது?" என்று கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்றேன். போனில் சொல்லப் போனால் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் "சரி, சரி, விடுங்கோ" என்று கதையை மாற்றிவிடுவாய். அந்த விஷயத்தில் நீ அப்படியே அப்பா. அதனால்தான் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா ஏன் முறுக்கிக்கொண்டு நின்றார் என்பது உனக்குத் தெரியும். யசோதாவின் ஆட்கள் மலையகத்தில் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து, கண்டாவளைப் பக்கம் குடியேறியவர்கள். "எங்கட வயலில நாத்து நட்ட சனம்" என்றார். "நட்டதுகள்தானே, களவெடுக்கேல்லையே. அதுகள் நட்டதைத்தானே நீங்களும் தின்னுறீங்கள்" என்று நான் கேட்டதற்கு அன்று முழுவதும் சாப்பிடவில்லை. ஐயருக்குக் கொடுக்க வேண்டும், பூட்டனின் பெயர் என்ன என்று நீ கேட்டு எழுதியபோது, நான் போனை அவர் முன்னால் நீட்டினேன். "என்ர பாட்டன்ர பேர் அந்த மணவறையில சொல்லப்படாது. எனக்கு மகனுமில்லை, அவனுக்குப் பூட்டனுமில்லை" என்று எழும்பிப் போய்விட்டார். எனக்கு என் மாமனாரின் பெயர் தெரியும். மாமனாரின் தகப்பனுடைய பெயரை இந்த வீட்டில் ஒருவரும் என் காதுபடச் சொன்னதில்லை. இருந்த பத்திரங்களும் இடம்பெயர்ந்த வழியெல்லாம் கொட்டுண்டு போயின. உனக்கு நான் "அப்பாக்கு ஞாபகமில்லையாம்" என்று எழுதினேன். நீ அதை நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் விசா கிடைத்திருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார். நேரலையாக ரீவியில் பார்க்கலாம் என்று நீ சொன்னதும் நான் ஒரு முடிவு எடுத்தேன். யசோதாவின் தாய் மாரியாயி அக்காவை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். பெற்ற மகளின் கலியாணத்தை அந்தத் தாய் கைபேசியின் சின்னக் கண்ணாடிக்குள் தனியே பார்க்க வேண்டுமா? அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அவா வரட்டும். நான் அறைக்குள்ள இருப்பன். கதவு பூட்டியிருக்கும்" என்றார். சரி, பூட்டட்டும் என்று நினைத்தேன். நம் வீட்டு அறைச் சுவர் முகடுவரை போகவில்லை. கதவைப் பூட்டலாம், சத்தத்தைப் பூட்ட ஏலாது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஐயர் தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் உன்னுடைய குரல் அந்த மனிதனின் காதில் விழவேண்டும். நல்லதாக இருக்கிற வலது காதிலாவது விழவேண்டும். விழுந்தால் அவரால் கல்லாக இருக்க முடியாது என்று நம்பினேன். விழாவிட்டால், நீ வந்தாலும் அந்தக் கதவு பூட்டியேதான் இருக்கும் என்று பயந்தேன்.

இப்போது என் கெட்டித்தனத்தைக் கேள். ரீவியின் சொந்தச் சத்தம் போன மாரியோடு செத்துப்போனதால்தான் நீ சத்தத்துக்கென்று அந்த ரிசீவர் பெட்டியையும் ஐந்து ஸ்பீக்கரையும் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனாய். கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்காத வீடு உண்டா? அதிலும் நம் வீட்டில் அது சட்டம். முதல் முழக்கத்துக்கே அப்பா, "கழட்டு! எல்லாத்தையும் கழட்டு!" என்று கத்துவார். நானும் எல்லாவற்றையும் கழற்றினேன். பிளக், அன்ரெனா, அதோடு நில்லாமல் ரிசீவரின் முதுகில் இருந்த ஸ்பீக்கர் வயர்கள் அத்தனையையும் இழுத்தெடுத்தேன். எந்த வயர் எங்கே என்று நீ ஒட்டிவிட்டுப்போன நிறப் பேப்பர்கள் ஈரத்தில் எப்போதோ உரிந்து போய்விட்டன. அடுத்தநாள் காலையில் எல்லாவற்றையும் நினைவை வைத்துத் திரும்பச் செருகினேன். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

மாரியாயி அக்கா முல்லைத்தீவில் பஸ் மாறி, மத்தியானம் தாண்டி தண்ணீரூற்றுக்கு வந்து சேர்ந்தா. பட்டுச்சேலை கட்டி, தலைக்குப் பூ வைக்காமல், கையில் ஒரு பை வாழைப்பழத்தோடு படலையில் நின்றா. "உள்ளுக்கு வாங்கோ" என்று மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. முன் கதிரையைக் காட்டினேன். "இல்லீங்கம்மா, நான் இப்படி ஓரமா ஒக்காந்துக்கிறேன்" என்று பின்சுவரோரம், அப்பாவின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தா. பூட்டிய கதவைப் பார்த்தா. அது ஏன் பூட்டியிருக்கிறது என்று அவவுக்கு விளங்கியது, எனக்கும் விளங்கியது. நான் வெட்கத்தில் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன்.

ரீவியைப் போட்டேன். படம் வந்தது. மண்டபம், பூ, ஆட்கள், எல்லாம் அழகு. ரிசீவரின் பொத்தானை அமத்தினேன். லைற் எரிந்தது, உள்ளே டிக் என்று ஒரு சத்தம், பிறகு சிவப்பு லைற் மினுங்கி மினுங்கி அணைந்து போனது. திரும்ப அமத்தினேன். திரும்ப அதேதான். எத்தனை தரம் அமத்தியிருப்பேன் என்று தெரியாது. உனக்கு எடுக்கலாம் என்று போனைத் தூக்கிய பிறகுதான் மாப்பிள்ளைக்கு எடுத்து வயர் கேட்கிற தாய் உலகத்தில் உண்டா என்று தோன்றியது, வைத்துவிட்டேன். அங்கே நிற்கிற உன் மாமாவுக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பாவுக்குப் பதிலாகத் தகப்பன் இடத்தில் நிற்கிற ஆள் போன் எடுப்பானா? கடைசியில் உன்னோடு படித்த, முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிற றிஸ்வானுக்கு எடுத்தேன். வியாபார நேரம். ஒரு பக்கம் ஆட்களுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டே என்னோடு கதைத்தான்.

"அன்ரி, பெட்டி செத்துப்போகேல்லை. தன்னைத்தான் காப்பாத்துது. பின்னால எங்கயோ வயர் நூல் ஒண்டு மற்றதோட முட்டிக்கொண்டு நிக்குது. ஸ்பீக்கர் வயரைத் தொட்டனீங்களோ?"

"ஓம். இடிக்குக் கழட்டினனான்."

"அல்லாவே! பிளக்கைக் கழட்டினாக் காணுமே. ஸ்பீக்கர் வயரை ஏன் இழுத்தனீங்கள்?"

"எந்த வயரால வாறன் எண்டு இடி எனக்குச் சொல்லிப்போட்டே வரும்?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரீவியில் உன்னை மணவறைக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். றிஸ்வான் சொன்னபடி எல்லா வயரையும் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை அமத்தினேன். அணையாமல் நின்றது. "பாத்தியளோ, பெட்டி சுகம். இனி அணைச்சுப்போட்டு ஒரு வயரைப் பூட்டுங்கோ. பிறகு போட்டுப் பாருங்கோ. நிண்டா அடுத்தது. எதைப் பூட்ட அணையுதோ, அதுதான் கள்ளன்" என்றான். தம்பி, உனக்கு இனிக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. இதை மட்டும் அம்மா சொல்லிக் கேள். வீட்டில் பிரச்சினை வருகிறபோது பழையது, புதியது எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துப் போடாதே. ஒன்றை மட்டும் எடு, அதைப் பார், பிறகு அடுத்ததற்குப் போ. நான் இத்தனை வருடமாக அப்பாவோடு எல்லா வயரையும் ஒன்றாக இழுத்துத்தான் சண்டை பிடித்திருக்கிறேன். அதனால் ஒருநாளும் ஒரு லைற்றும் எரியவில்லை.

நாலாவது வயரில் கள்ளன் அகப்பட்டான். ஒரு செப்பு நூல் தலைமயிர் அளவுக்கு வெளியே நீட்டி, பக்கத்து வயர் பூட்டுகிற காதைத் தொட்டுக்கொண்டு நின்றது. கத்தரிக்கோலால் வெட்டி, விரலால் முறுக்கி உள்ளே செருகினேன். ஐந்தாவதையும் பூட்டி அமத்தினேன். மேளம் வீடு முழுக்க விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் பார்த்தால், ஐயரின் வாய் அசைகிறது, நீ தலையாட்டுகிறாய், உன் வாயும் அசைகிறது, குரலைக் காணவில்லை. நாதஸ்வரம் இருக்கிறது, தவில் இருக்கிறது, சனத்தின் இரைச்சல் இருக்கிறது. மனிதர் கதைப்பது மட்டும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். மேளம்தான் கூடியது. இன்னும் கூட்டினேன். அலுமாரிக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு நடுவில் இருக்கிற ஸ்பீக்கரில் காதை வைத்தேன். கிணற்றுக்குள் யாரோ முணுமுணுப்பது மாதிரி ஏதோ வந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. மேளத்தையா நான் கேட்கப் பார்த்தேன்? கோயிலுக்குப் போனால் மேளம் கேட்கலாமே. எனக்கு வேண்டியது உன் குரல்.

அப்போதுதான் மாரியாயி அக்கா பின்னால் இருந்து மெதுவாகக் கூப்பிட்டா. "அம்மா, பேச்சு இங்கிட்டு கேக்குதுங்க. இந்தா, மேல இருந்து வருது." திரும்பிப் பார்த்தேன். அவவின் தலைக்கு மேலே, அப்பாவின் அறைக் கதவு நிலைக்கு மேல் நீ ஆணி அடித்துக் கொழுவிவிட்டுப் போனாயே, அந்த வலது பின் ஸ்பீக்கர், அதிலிருந்து ஐயர் பெருங்குரலில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நடு ஸ்பீக்கரின் வயரையும் அந்தப் பின் ஸ்பீக்கரின் வயரையும் நான் மாறிப் பூட்டியிருக்கிறேன். கதைக்கிற குரலையெல்லாம் அந்தப் பெட்டி நடுவுக்குத்தான் அனுப்புமாம், அது எனக்குப் பிறகு றிஸ்வான் சொல்லித்தான் தெரியும். நடுவுக்குப் போக வேண்டிய குரல் முழுவதும், நான் கூட்டிவைத்த சத்தத்தோடு, சுவருக்கு மேலால் அப்பாவின் கட்டிலுக்குமேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வயரையும் நான் இன்னும் மாற்றவில்லை. நீயும் மாற்ற வேண்டாம். செய்தி வாசிக்கிறவன் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்தால் வாசிக்கட்டும்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழையைத் திருத்தவேண்டும் என்ற அவசரம்தான் இருந்தது. அணைத்துவிட்டு வயரை மாற்றுவோம் என்று பெட்டிக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து வானம் இருண்டு, கடல் பக்கமாக முதல் இடி முழங்கியது. நான் பழக்கதோசத்தில் பிளக்கில் கை வைத்துவிட்டேன். அறைக்குள் இருந்து சத்தம் வந்தது.

"விடு! கழட்டாத!"

கை பிளக்கிலேயே நின்றது. மாரியாயி அக்கா என்னைப் பார்த்தா, நான் அவவைப் பார்த்தேன். இடிக்குக் கழற்றாதே என்று அந்த மனிதன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். மெல்லக் கையை எடுத்தேன். மூச்சுக்கூட விடாமல் அலுமாரிக்கு முன்னால் நிலத்திலேயே இருந்துவிட்டேன். இன்னொரு இடி முழங்கியது. மின்சாரம் போய்விடக்கூடாது என்று நம்பிய தெய்வம் எல்லாவற்றையும் வேண்டினேன்.

கதவுக்கு மேலே ஐயர் கேட்டார். "தம்பி, கன்னிகாதானத்துக்குப் பேர் சொல்லுங்கோ. தகப்பனார்?" சிவலிங்கம் என்றாய். "பாட்டனார்?" தம்பையா என்றாய். "பூட்டனார்?" நீ பேசாமல் இருந்தாய். அந்த மௌனம் எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிதாகக் கேட்டது என்று உனக்குத் தெரியாது. பிறகு, "தெரியாது ஐயா" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது, தம்பி. நான் பெற்ற பிள்ளை சபைக்கு நடுவில் தலை குனிந்து நிற்கிறது, நான் இங்கே ஒன்றும் செய்ய முடியாமல் நிலத்தில் இருக்கிறேன். அப்பாவின் மீது எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் காணாது. ஐயர் நல்ல மனிதர். "பரவாயில்லை. தெரியாத இடத்தில ஈசுவரன் பேரைச் சொல்லுவம்" என்று தொடங்கினார். சமஸ்கிருதத்துக்கு நடுவில் பெயர்கள் மட்டும் எனக்கு விளங்கின. ஈசுவரன், தம்பையா, சிவலிங்கம். பிறகு பெண் பக்கத்துக்கு வந்தார். சடையன், கருப்பையா, பெருமாள். மாரியாயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. பெருமாள் அவவின் மனிசன். கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்காலில் போனவர்.

ஐயர் இப்படி மூன்று தரம் சொல்ல வேண்டும். முதல் தரம் முடிந்ததும் அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. "ஈசுவரனாம்!" என்று ஒரு உறுமல் கேட்டது. ஐயர் இரண்டாம் தரம் தொடங்கினார். கதவு படீரென்று திறந்தது. சாரத்தைக் கையில் பிடித்தபடி, வெறும் மேலோடு அப்பா நிலையில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அது என்ர பாட்டன்ர பேரில்லை! வீரகத்தி! வீரகத்தி எண்டு சொல்லச் சொல்லு!"

ரீவிக்குச் சொல்கிறாரா, எனக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. பாட்டனின் பெயரைச் சொல்லக்கூடாது என்றுதான் அவர் அத்தனை நாளும் நின்றார். அந்த இடத்தில் வேறொரு பெயர் வந்து உட்கார்ந்ததும் அது கடவுளின் பெயராக இருந்தும் அவரால் தாங்க முடியவில்லை. நான் போனைத் தேடினேன். உன் மாமாவுக்கு எடுத்தேன், எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். "எடுக்கிறானில்லை!" என்று கத்தினேன். அப்பா தலையில் கை வைத்தார். நேரலை கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்று நீ சொல்லியிருந்தாய். அங்கே மூன்றாம் தரமும் முடிந்திருக்கும் என்றே நினைத்தேன்.

மாரியாயி அக்கா எழும்பி நின்றா. அவவின் காதில் போன் இருந்தது. "அங்க நிக்கிற என் தம்பி எடுப்பான். எனக்காகச் சட்டப் பையிலயே வச்சிருக்கான்." பிறகு போனுக்குள், வயலில் அடுத்த வரம்பில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னா: "தம்பீ! ஐயர்கிட்ட சொல்லு! மாப்பிள்ளையோட பூட்டன் பேரு வீரகத்தி! வீ-ர-கத்தி! ஆமா! இப்பவே சொல்லு!" அப்பா அவவையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் பாட்டனின் பெயரை அவவின் வாயால் இரண்டு தரம் கேட்டார்.

ரீவியில் ஐயர் இரண்டாம் தரத்தை முடித்துக்கொண்டிருந்தார். ஈசுவரன்தான். யசோதாவின் மாமா குனிந்து ஐயரின் காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. ஐயர் தலையை ஆட்டினார். நீ திரும்பி அவரைப் பார்த்தாய். உன் முகத்தில் என்ன இருந்தது என்று நீ இங்கே வந்து எனக்குச் சொல்ல வேண்டும். கதவுக்கு மேலே இருந்து மூன்றாம் தரம் வந்தது. வீரகத்தி. தம்பையா. சிவலிங்கம். அந்தக் குரலுக்கு நேர் கீழே நின்ற சிவலிங்கம் நிலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதார். நான் கிட்டப் போகவில்லை. அவர் அழுகிறபோது ஆள் கிட்டப் போனால் அவருக்குப் பிடிக்காது.

தாலி கட்டி முடிந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. மாரியாயி அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, "நான் பஸ்ஸுக்குப் போறேன்மா" என்று பையை எடுத்தா. அப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து முன் கதிரையைப் பின்சுவருக்குப் பக்கத்தில் இழுத்துவைத்தார். அவவின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்கட பக்கத்துப் பேர் மூண்டும் எனக்குச் சரியாக் கேக்கேல்லை. இருந்து ஒருக்காச் சொல்லுங்கோ."

கேட்காமல் என்ன! வலது காதுக்கு நேர் மேலே மூன்று தரம் கேட்டிருக்கிறது. அக்கா கதிரையில் உட்கார்ந்தா. "சடையன்ங்க. கருப்பையா. இவரு பெருமாள்." அப்பா ஒவ்வொரு பெயரையும் அவவுக்குப் பின்னால் மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு, "தேத்தண்ணி போடு" என்று எனக்குச் சொல்லிவிட்டு அவவுக்கு முன்னால் இருந்தார்.

தம்பி, அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டார். நீயும் எதிர்பார்க்காதே. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்ததும் அவர் யசோதாவிடம், "பிள்ளை, உன்ர அப்பாவின்ர பேரென்ன?" என்று ஒன்றும் தெரியாத ஆள் மாதிரிக் கேட்பார். நீ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதே. அவளைச் சொல்லவிடு.

அம்மா